கைனேசுத் தடுப்பு மருந்தும் அதன் விலையும்

நாட்பட்ட மைலோயிட்டுக் குருதிப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டுமாறி இணைவதால், ஓயாது இயங்கும் கைனேசு நொதியமொன்று தோன்றிக் குருதிக் கலங்களைப் பெருக்குகின்றது. அந்நொதியத்தில் ஏ.ரீ.பி. பொருந்தும் குழியினுள் இமாற்றினிப் என்னும் சிறு மூலக்கூறு புகுந்து அச்செயலைத் தடுக்கும். 2001இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இம்மருந்தைப் பெரும்பாலான நோயாளர் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உட்கொள்ளல் வேண்டும். எனவே விலையே உயிர்ப்பிரச்சினையாகின்றது.

இதன் பளிங்கு வடிவமொன்றுக்கு நோவாட்டிசுக் கம்பனி கோரிய ஆக்கவுரிமையைச் சென்னை ஆக்கவுரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்பிரல் 1இல் மறுத்தது. அறிந்த பொருளின் புதுவடிவம் நோய்தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டதென நிறுவப்படவில்லை என்பதே காரணம். அக்காலத்தில் கம்பனி மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபா. இந்தியத் தயாரிப்புக்கோ ஏறத்தாழ 10,000. இந்திய மருந்துகளைப் பெரிதும் நம்பியிருக்கும் இலங்கையராகிய நாம், மூலக்கூறின் பொருத்தத்தோடு அது நோயாளரை எட்டும் வழியையும் ஆராய்தல் கடனாகும்.