உங்கள் கணக்கு இன்னொருவர் திரையில்

2015 கிறிஸ்துமஸ் அன்று, ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடைக்குள் நுழைந்த பலருக்கு முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கணக்கு விரிந்தது. முகவரி, வாங்கியவற்றின் பட்டியல், கிரெடிட் கார்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் எல்லாம் தெரிந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. தளத்தை முடக்க நடந்த தாக்குதலைச் சமாளிக்க அவசரமாக மாற்றிய கேஷ் விதி பிசகிவிட்டது, அவ்வளவுதான். சுமார் 34,000 பேரின் விவரங்கள் அப்படிப் பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது.

ஒருவர் கேட்ட பக்கத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து வருபவருக்கும் அதையே நீட்டுவதுதான் கேஷ். கட்டுரைப் பக்கத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ‘என் கணக்கு’ பக்கத்துக்கு ஆபத்து.

சிறு நிறுவனங்கள் இதில் மாட்டிக்கொள்வதற்கு ஒரு வழக்கமான வழி உண்டு. முகப்பில் கடை ஓடும். அதே டொமைனில் ‘பிளாக்’ என்றொரு துணை ஃபோல்டரில் வேர்ட்பிரஸ் நிறுவியிருப்பார்கள். வேர்ட்பிரஸ் பிளக்இன் போடும் நகல்கள் பெரும்பாலும் அந்த ஃபோல்டரோடு நின்றுவிடும். வேகம் போதாது என்று சர்வரிலோ, கிளவுட்ஃபிளேர் போன்ற சேவையிலோ விதி எழுதும்போதுதான் வில்லங்கம். கிளவுட்ஃபிளேர் தானாக ஹெச்டிஎம்எல் பக்கங்களைச் சேமிப்பதில்லை; படங்கள், ஸ்டைல் கோப்புகளோடு நிறுத்திக்கொள்ளும். ‘எல்லாவற்றையும் சேமி’ என்ற விதியை ஃபோல்டருக்கு எழுதாமல் டொமைன் முழுவதற்கும் எழுதினால் கடையும் அதில் அகப்படும்.

“லாகின் செய்தவர்களுக்கு நகல் தராதே என்றும் எழுதியிருக்கிறோமே” என்பார்கள். அந்த விலக்கு வேர்ட்பிரஸ் லாகின் குக்கியின் பெயரைத்தான் தேடும். முகப்புக் கடை வேறு மென்பொருள் என்றால் அதன் குக்கிக்குப் பெயரே வேறு. விதி அதை அடையாளம் காணாது. முதலில் வந்தவரின் கூடையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும்.

தளம் நடத்துபவர் விதியைத் துணை ஃபோல்டருக்குள் அடைக்க வேண்டும். கூடை, கட்டணம், கணக்குப் பக்கங்கள் ‘நோ-ஸ்டோர்’ (சேமிக்காதே) என்ற ஹெடரோடு வெளிவர வேண்டும். பிறகு இரண்டு கணக்குகளில், இரண்டு பிரவுசர்களில் நுழைந்து பார்க்க வேண்டும். ஒரே பிரவுசரில் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்பது சோதனையே அல்ல. தவறு நடந்துவிட்டால் விதியைத் திருத்தி, சேமித்த நகல்களை உடனே அழிக்க வேண்டும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சேர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, தரவுக் கசிவை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிப்பதும் கட்டாயம்.

வாடிக்கையாளர் தன் பிரவுசர் கேஷை அழித்துப் பயனில்லை. நகல் இருப்பது அவரிடம் அல்ல. பிறர் கணக்கு தெரிந்தால் மேற்கொண்டு எதையும் அழுத்தாமல், நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தக் கணக்குக்காரரின் விவரத்தை மறைத்து, நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள்.

சட்டம் இப்போது இடைக்காலத்தில் இருக்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதன்பின் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் கசிவைத் தெரிவித்தாக வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தப் பணம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது.

இழப்பீடு வாங்க இப்போதைக்கு இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. நிறுவனத்தின் அலட்சியத்தால் கடவுச்சொல், நிதி, உடல்நலம் போன்ற அந்தரங்கத் தரவு கசிந்து நஷ்டம் ஏற்பட்டால், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் 5 கோடி ரூபாய் வரை கோரலாம். வெறும் முகவரி கசிந்ததற்கு இது உதவாது. புதிய சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும் நாளில் இந்தப் பிரிவும் நீங்கிவிடும். அபராதத்தைப் பெரிதாக்கியவர்கள் பாதிக்கப்பட்டவரின் கையிலிருந்த சின்ன வழியை அடைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. இழப்பீடு கோர இருப்பவர்கள் அந்த நாளுக்கு முன்பே மனுவைக் கொடுத்துவிடுவது நல்லது.