மாலை போட்டிருக்கீங்களா?

பந்தியில் கறிக்குழம்பு வாளியோடு வருகிறவரைப் பார்த்து, இலையைக் கையால் மறைத்து "வேண்டாம்" என்றால் உடனே ஒரு கேள்வி வரும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அது, "என்ன மாப்ள, மாலை போட்டிருக்கியா?" இன்று அதே பந்தியில், "ஏன், டாக்டர் வேண்டாம்னுட்டாரா?" சாமிக்குப் பதில் டாக்டர் வந்திருக்கிறார். ஒரு மனிதர் தானே யோசித்து, இனி புலால் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கலாம் என்பது மட்டும் அன்றும் யாருக்கும் தோன்றவில்லை, இன்றும் எளிதில் தோன்றுவதில்லை.

அன்று சைவமாக மாறியவர் தட்டிலிருந்து இழந்தது கொஞ்சம்தான். கிராமத்துச் சாதாரணக் குடும்பத்தில் கறி எடுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தீபாவளி, பொங்கலுக்கு மறுநாள், ஊர்க்கொடை, ஆடி, மறுவீட்டு விருந்து. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி அறுத்துக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் குடல், கொஞ்சம் எலும்பு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் சண்டை வரும். வீட்டுக் கோழி விருந்தாளி வந்தால்தான் அடிபடும். முட்டையைத் தின்பதைவிட அடைக்கு வைப்பதிலும் விற்பதிலும்தான் வீட்டுப் பெண்களுக்கு அக்கறை. மற்ற நாட்களில் புளிக்குழம்பு, கீரை, கொள்ளு ரசம், மொச்சை. கைவசம் இருந்தால் குழம்பில் இரண்டு துண்டு கருவாடு.

ஆனால் ஊரில் அவர் இழந்தது அதிகம். கொடையில் கிடா வெட்டிப் பங்கு பிரிக்கும்போது ஒருவர் தன் கூறை வேண்டாம் என்பது குலதெய்வத்திடமிருந்தும் பங்காளிகளிடமிருந்தும் விலகி நிற்பதாகவே பார்க்கப்பட்டது. அதைத் தாங்க ஒரு பெரிய காரணம் தேவைப்பட்டது. சிலருக்கு அது தீட்சை. சிலருக்கு வடலூர். உயிர்க்கொலையும் புலாலும் கூடாது என்பதில் வள்ளலார் அணுவளவும் இறங்கி வந்தவரல்லர். அப்படிப்பட்டவர் 1867இல் தருமச்சாலை தொடங்கியபோது, புலால் உண்பவர்களின் பசியையும் நீக்கத்தான் வேண்டும் என்றார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. சைவத்தைப் பற்றித் தமிழில் பேசியவர்களில் என் மனம் அவரிடம் போய் நிற்பதற்கு இதுதான் காரணம்: தன் கொள்கையை அவர் அடுத்தவர் பசிக்கு நிபந்தனையாக வைக்கவில்லை.

எல்லோரும் அந்த வழியில் போகவில்லை. கறியை விட்டால் சாதி ஏணியில் ஒரு படி ஏறலாம் என்று கணக்குப் போட்டவர்கள் ஏராளம். குடகு மக்களைப் பற்றி 1952இல் வெளியான தன் நூலில் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் இந்தப் போக்கைத்தான் ஆராய்ந்தார். அது பழங்கதையாகிவிடவில்லை. சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் "சைவர்களுக்கு மட்டும்" என்ற வரியை இன்றும் தாண்டித்தான் போக வேண்டும். கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்ற பழைய சட்டத்தை 2003இல் தமிழக அரசு கண்டிப்பாக நிறைவேற்றப் போனபோது கிராமங்களில் எழுந்த கோபத்துக்கும் சைவமே உயர்வு என்ற இந்தக் கணக்கில் வேர் உண்டு. அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. எங்கள் சாமிக்கு என்ன படைப்பது என்று நீ யார் சொல்ல என்று மக்கள் கேட்டது முழு நியாயம்.

இன்று கணக்கு தலைகீழ். பிராய்லர் குஞ்சு நாற்பது நாளில் இரண்டு கிலோ தாண்டிவிடுகிறது. நாட்டுக்கோழி கறிக்கு ஆக ஐந்தாறு மாதம் வேண்டும். பல்லடம், நாமக்கல் கோழிப்பண்ணைகள் சேர்ந்து விசேஷச் சாப்பாட்டை அன்றாடச் சாப்பாடாக்கிவிட்டன. தெருமுனையில் பிரியாணி, சாயங்காலம் சிக்கன் 65, அலுவலக விருந்தென்றால் கிரில் சிக்கன். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். புரட்டாசியில் கோழி விலை இறங்குவதும், மாதம் முடிந்த முதல் ஞாயிறு கறிக்கடையில் கூட்டம் நெரிவதும் ஆண்டுதோறும் நடப்பவை. ஆகவே இன்று சைவமாகிறவர் ஊரை இழப்பதில்லை. வாரத்தில் நாலைந்து வேளைச் சாப்பாட்டை மாற்றிக்கொள்கிறார். அன்றையதைவிட இது கடினமான வேலை.

காரணங்களும் வேறு. கோழிகளை வண்டியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் விட்டவர்களை நான் அறிவேன். அந்தக் காரணத்துக்கு மேலே வேறெதுவும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். பூமி சூடாவதைச் சொல்பவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். மனிதரால் வெளியாகும் பசுமை இல்ல வாயுக்களில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கால்நடை வளர்ப்பினால் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013இல் கணக்கிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு மாடுகளால், பால் மாடுகளும் சேர்த்து. கோழியை நிறுத்திவிட்டுப் பனீர் பட்டர் மசாலாவுக்கு மாறுகிறவர் அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொள்ள முடியாது.

அவருக்குப் பாட்டியின் வாரநாள் சமையலே போதும். அசைவக் குடும்பத்துப் பாட்டிகள்தான் தட்டைப்பயறு, கொள்ளு, முருங்கைக்கீரை, கேழ்வரகு என்று ஆண்டில் முக்கால்வாசி நாள் சைவம் சமைத்தவர்கள். காளான் 65ஐத் தேடி ஓடும் தலைமுறை அந்த அடுப்படியை மறந்துவிட்டது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இந்த விஷயத்தில் நாம் பார்த்துக் கற்க வேண்டிய இடம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுப் பந்தி. முட்டை சாப்பிடும் பிள்ளைக்கு முட்டை, சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இரண்டும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்கின்றன. யாரும் யாரையும் ஏனென்று கேட்பதில்லை.

முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் வீட்டில் சமைப்பவரிடம் பேசுங்கள். அன்று அப்பா சைவமானதும் அம்மா இரண்டு சட்டி வைத்தார். ஒருவர் எடுத்த விரதத்தின் வேலை முழுவதும் இன்னொருவர் தலையில் விழுந்தது. இன்று அது வேண்டாம். உங்கள் குழம்பை நீங்களே வைக்கப் பழகுங்கள். பாலும் தயிரும்கூட வேண்டாம் என்கிறவர்கள் பி12 சத்துக்கு மாத்திரையோ அது சேர்த்த உணவோ கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். செடியிலிருந்து அது நம்பும் அளவுக்குக் கிடைக்காது. அடுத்த கல்யாணப் பந்தியில் யாராவது "மாலை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க, நானா விட்டுட்டேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பக்கத்து இலைக்குக் கறி வாளியை நீங்களே நகர்த்திக் கொடுங்கள்.