முன்சீப் நாற்காலிக்குப் போகும் வழி

பெருநகர் என்ற கிராமத்தில் பங்காளிகள் இருவருக்குள் வரப்புத் தகராறு முற்றி, ஊர்ப் பெரியவர்கள் பேசியும் தீராமல் போனால், அது பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் உத்திரமேரூர் முன்சீப் கோர்ட்டுதான். டெல்லியில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிகளின் பெயர்கள் நாளிதழில் தினமும் வருகின்றன. உத்திரமேரூரில் உட்கார்ந்திருப்பவரின் பெயர் வழக்காடுபவர்களுக்கும் வக்கீல்களுக்கும் மட்டுமே தெரியும். ஆனால் அந்த நிலம் யாருடையது, வேலியைப் பிடுங்கியது யார், கிரயப் பத்திரத்தில் இருக்கும் கைநாட்டு உண்மையா என்பதையெல்லாம் முதலில் முடிவு செய்பவர் அவர். அவர் எதை நம்பினார் என்பதே அதற்குப் பிறகு அந்த வழக்கின் உண்மையாக நிலைக்கிறது. இவ்வளவு கனமான நாற்காலியில் ஒருவர் எப்படி வந்து அமர்கிறார், எவ்வளவு பழுத்த பிறகு அமர வேண்டும் என்பது சட்டக் கல்லூரியின் பிரச்சினை மட்டும் இல்லை. நிலமும் குடும்பமும் உள்ள ஒவ்வொருவரும் கவலைப்பட வேண்டிய விஷயம். விசாரணை நீதிபதி ஆவதற்கு முன் வக்கீலாக நின்று பழகியிருக்க வேண்டும், அந்தப் பழக்கத்துக்கு ஆகும் செலவை ஏழை இளைஞர் தலையில் கட்டக் கூடாது என்பதே என் கட்சி.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். விசாரணை நீதிமன்றத்தின் மூலப்பொருள் சாட்சி. கூண்டில் ஏறிய விவசாயி முதல் விசாரணையில் ஒன்று சொல்வார். எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையில் திணறுவார், கோபப்படுவார், சில கேள்விகளுக்குப் பேசாமல் நிற்பார். அவர் பொய் சொல்லித் திணறுகிறாரா, கோர்ட்டைக் கண்ட பயத்தில் திணறுகிறாரா என்பதை நேரில் பார்ப்பவர் நீதிபதி ஒருவரே. அதனால்தான் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18ஆம் ஆணை, 12ஆம் விதி, சாட்சி கூண்டில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நீதிபதி குறிப்பு எழுதலாம் என்று இடம் தருகிறது. உண்மையை அறிய, நீதிபதி தாமே எந்தச் சாட்சியிடமும் எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்கிறது சாட்சியச் சட்டம். பழைய சட்டத்தில் 165ஆம் பிரிவாக இருந்தது, 2023இன் புதிய சட்டத்தில் 168ஆம் பிரிவு. வரப்பு எங்கே இருக்கிறது என்று அளந்து வர வக்கீல் கமிஷனரை சர்வேயரோடு அனுப்பலாம். தேவைப்பட்டால் நீதிபதியே இடத்தைப் போய்ப் பார்க்கலாம். எந்த நேரத்தில் கேட்பது, எந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு கவனிப்பது, எந்த வாய்தா நியாயமான வாய்தா, எது வழக்கை இழுத்தடிக்கும் வாய்தா என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கும் அறிவு அல்ல. கேஸ் கட்டைச் சுமந்துகொண்டு கோர்ட்டின் மறுபக்கத்தில் நின்றவருக்கு அது மெல்ல மெல்லப் பிடிபடும்.

தவறு நேர்ந்தால் அப்பீல் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் முதல் மேல்முறையீட்டில் சார்பு நீதிபதியின் கையில் இருப்பது தட்டச்சு செய்த வாக்குமூலத் தாள். சாட்சியின் முகமோ குரலோ அதில் இல்லை. நேரில் பார்த்தவர் நம்பிய சாட்சியைத் தாளில் படிப்பவர் எளிதில் தள்ளிவிட மாட்டார். தள்ளக் கூடாது என்பதும் நீதிமன்றங்களின் நெடுங்கால வழக்கம். அதற்கு மேலே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனால் கதவு இன்னும் குறுகலானது. 1976இன் திருத்தத்துக்குப் பிறகு, 100ஆம் பிரிவின்படி இரண்டாம் மேல்முறையீடு செய்ய முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தாக வேண்டும். வேலியைப் பிடுங்கியது யார் என்பது சட்டப் பிரச்சினை ஆகாது. அதற்கான விடை பெரும்பாலும் உத்திரமேரூரிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அதை மாற்றப் போராடுவதற்குள் வாதியின் மகன் வாதியாகிவிடும் அளவுக்குக் காலம் போய்விடுவதும் நடக்கிறது.

இனி வழியைப் பார்ப்போம். மாவட்ட நீதிபதிக்குக் கீழுள்ள நீதிபதிகளை, உயர் நீதிமன்றத்தையும் தேர்வாணையத்தையும் கலந்து ஆளுநர் நியமிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 234ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் அந்தத் தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது: முதல்நிலை, முதன்மை, பிறகு வாய்மொழித் தேர்வு. முதன்மைத் தேர்வின் தாள்களில் எனக்கு மிகவும் பிடித்தது மொழிபெயர்ப்புத் தாள். வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் கொண்டு வர வேண்டும். வட்டார வழக்கில் சொல்லப்படும் சாட்சியம் தீர்ப்புக்குள் போகும்போது பொருள் சிந்தாமல் போக வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. தேறியவர்களுக்கு 2001இல் தொடங்கிய தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமி பயிற்சி தருகிறது. பிறகு முன்சீப் அல்லது நடுவர் பதவி, சில ஆண்டுகளில் சார்பு நீதிபதி, அதன்பின் மாவட்ட நீதிபதி. ஏழு ஆண்டு வக்கீல் தொழில் செய்தவர்கள், 233ஆம் பிரிவின்படி, கீழ்ப்படிகளில் ஏறாமல் நேரடியாக மாவட்ட நீதிபதி தேர்வு எழுதலாம். ஆர். பானுமதி அந்த வழியில் வந்தவர். திருப்பத்தூர், அரூர், கிருஷ்ணகிரி என்று சிற்றூர் கோர்ட்டுகளில் வக்கீலாக இருந்து, 1988இல் மாவட்ட நீதிபதியாகி, 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் 2014இல் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றார். ஏற்கெனவே நீதிபதியாக இருப்பவர்களும், வக்கீல் தொழிலும் நீதிபதி வேலையும் சேர்ந்து ஏழு ஆண்டு இருந்தால், அந்த நேரடித் தேர்வை எழுதலாம் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. குறைந்தபட்ச வயது 35 என்றும் சொன்னது.

அமெரிக்காவில் இந்த வழி அப்படியே தலைகீழ். அங்கே கூட்டாட்சி விசாரணை நீதிமன்றங்கள் 94 மாவட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன. அந்த நீதிபதி ஆவதற்குத் தேர்வு கிடையாது, பயிற்சிக் கல்லூரி கிடையாது. வயது வரம்பைக்கூட அவர்களுடைய அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை. குடியரசுத் தலைவர் பெயரைச் சொல்ல வேண்டும், செனட் ஒப்ப வேண்டும், அதன்பின் வாழ்நாள் முழுக்கப் பதவி. நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிபதி அருண் சுப்ரமணியன் 2004இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். மூன்று நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராக வேலை பார்த்தார். அவர்களில் ஒருவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். பிறகு சுமார் பதினைந்து ஆண்டு வக்கீலாக வாதாடி, 2023இல்தான் நீதிபதி ஆனார். அதுவே அங்கே இளம் வயது. பெரும்பாலானவர்கள் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வருகிறார்கள். பலர் அந்த நாற்காலியிலேயே வாழ்நாளைக் கழிக்கிறார்கள். விசாரணை நீதிபதி பதவி அங்கே ஒரு வக்கீல் வாழ்க்கையின் உச்சி, இங்கே அது முதல் படி. அவர்கள் முறையை இறக்குமதி செய்யச் சொல்லவில்லை நான். யார் குடியரசுத் தலைவர், செனட்டில் யாருக்குப் பெரும்பான்மை என்பதைப் பொறுத்து நீதிபதி அமையும் முறையைவிட, பெயர் தெரியாத விடைத்தாளைத் திருத்தி ஆளெடுக்கும் நம் முறை மேலானது; யாரையும் தெரியாத வீட்டுப் பிள்ளையும் அதில் ஜெயிக்க முடியும். ஆனால் அடுத்தவர் நிலத்தையும் சிறைவாசத்தையும் தீர்மானிக்கும் முன் ஒருவர் பல ஆண்டுகள் கோர்ட்டில் நின்றிருக்க வேண்டும் என்ற அவர்கள் எண்ணத்தைத் தள்ளிவிட முடியாது.

நம் நாடும் இதில் அலைபாய்ந்தே வந்திருக்கிறது. அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டு வக்கீல் தொழில் கட்டாயம் என்றது. 1996இல் அமைந்த ஷெட்டி ஆணையம், மூன்று ஆண்டுகள் தொழிலில் காலூன்றிய கெட்டிக்காரர்களுக்கு நீதிபதி வேலை கவர்ச்சியாகத் தெரிவதில்லை, நல்லவர்கள் வராமல் போகிறார்கள் என்று எடுத்துச் சொன்னது. 2002இல் அதே சங்கத்தின் வழக்கில் நிபந்தனை நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக ஓராண்டுக்குக் குறையாத, முடிந்தால் இரண்டாண்டுப் பயிற்சி என்று ஏற்பாடு. 2025 மே 20ஆம் தேதி, அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு மூன்று ஆண்டு நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. இடையில் கழிந்த இருபது ஆண்டுச் சோதனை சரியாக வரவில்லை என்று பெரும்பாலான உயர் நீதிமன்றங்கள் சொன்னதே அதற்கு முக்கியக் காரணம். பயிற்சி போதும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. அகாடமி சட்டத்தையும் தீர்ப்பு எழுதும் முறையையும் சொல்லித் தரும். கட்சிக்காரர் தன் வக்கீலிடமே பாதியை மறைப்பார் என்பதையும், ஒரு வாய்தாவுக்கு வந்து போக ஒரு கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது என்பதையும் ஆபீஸில் எதிரே உட்கார்ந்து கேட்டவருக்குத்தான் தெரியும்.

இதற்கு எதிரான வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. 2024 தொடக்கத்தில் வெளியான தேர்வு முடிவில் ஜவ்வாது மலையின் பழங்குடிப் பெண் ஒருவர், 23 வயதில், உரிமையியல் நீதிபதியாகத் தேறினார். பிள்ளை பெற்ற சில நாட்களில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதியவர் அவர். தமிழ்நாடே பாராட்டியது. மூன்று ஆண்டு ஜூனியராக, கைக்காசுக்கு வழியில்லாமல் கோர்ட்டில் நில் என்று அன்று சொல்லியிருந்தால் அவர் நின்றிருக்க முடியுமா? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. தகுதி என்ற பெயரில் வசதியைக் கேட்பது பழைய பழக்கம். அதற்குச் சான்று உத்திரமேரூரிலேயே கல்லில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டு, வாரியத்துக்கு வருபவர் 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது என்று அருமையான விதிகளை வைத்தது. கூடவே கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் கேட்டது. ஊரில் உழுதவர்களில் யாரும் அந்தக் குடத்தில் ஓலையாக விழுந்திருக்க முடியாது. ஆனால் அதே கல்வெட்டில் ஒரு சலுகையும் உண்டு. கற்றறிந்து பிறருக்கு விளக்கும் திறனுள்ளவருக்கு அரைக்கால் வேலி போதும். சொத்தின் குறையைக் கல்வி ஈடுகட்டலாம் என்ற யோசனை ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே இந்த ஊருக்கு இருந்திருக்கிறது, அந்தக் குறுகிய வட்டத்துக்குள்ளேயாவது.

இன்றைய சலுகை ஜூனியரின் சம்பளமாக இருக்க வேண்டும். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும், அதன்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் 2024 ஜூனில் சுற்றறிக்கை அனுப்பியதும் சரியான திசை. ஆனால் உத்திரமேரூர் போன்ற ஊரில் சீனியருக்கே மாத வருமானம் நிலையாக இராது. 15,000 ரூபாயை அவர் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? நீதிபதிகளைத் தயாரிக்கும் செலவு அரசின் செலவு. நீதித்துறைத் தேர்வுக்குக் காத்திருக்கும் ஏழை ஜூனியர்களுக்கு மூன்று ஆண்டும் அரசே உதவித்தொகை தந்து, இலவச சட்ட உதவி மையங்களில் அவர்களுக்கு வழக்கும் கொடுத்தால், கட்சிக்காரருக்கு வக்கீல் கிடைப்பார், வருங்கால நீதிபதிக்கு அனுபவம் கிடைக்கும்.

அனுபவம் என்பதை விரிவாகவும் பார்க்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி டி. முத்துசாமி ஐயர் சிறுவயதில் கிராமக் கணக்கருக்கு உதவியாளராக வேலையைத் தொடங்கியவர். 1856இல் மாவட்ட முன்சீப், 1877இல் உயர் நீதிமன்ற நீதிபதி. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் ஆவதற்கு முன் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காத்தார், மொழிபெயர்த்தார். இருவருக்கும் கிடைத்த பழக்கம் ஒன்றே: தீர்ப்புச் சொல்லும் முன், தாள்களுக்குப் பின்னால் மனிதர்கள் எப்படி இயங்குகிறார்கள் என்று பார்த்திருந்தார்கள். 2025 தீர்ப்பு நீதிபதிகளின் சட்ட உதவியாளர் வேலையையும் மூன்று ஆண்டில் சேர்த்துக்கொள்வது அந்த வகையில் நல்லது. சிக்கல் சான்றிதழில் இருக்கிறது. பத்தாண்டு அனுபவமுள்ள வக்கீல் சான்று தர வேண்டும், அந்த ஊரின் தலைமை நீதிபதி அதை ஒப்ப வேண்டும் என்பது இப்போதைய ஏற்பாடு. தெரிந்தவர் தயவில் வாங்கிய தாளோடு, வீட்டிலேயே மூன்று ஆண்டும் தேர்வுக்குப் படித்தவரும் வந்து நிற்கலாம். ஒவ்வொரு வழக்கிலும் ஆஜராகும் வக்கீல் பெயர் இப்போது இ-கோர்ட்ஸ் கணினிப் பதிவில் ஏறுகிறது. சீனியர்கள் வக்காலத்தில் ஜூனியர் பெயரையும் சேர்த்தால், எத்தனை வழக்கில் நின்றார் என்பதைத் தேர்வாணையம் பதிவிலிருந்தே எடுத்துப் பார்க்கலாம். எத்தனை சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார் என்பதை வாக்குமூலத் தாளிலிருந்து எடுத்து, வாய்மொழித் தேர்வில் அந்தச் சாட்சியத்தைப் பற்றியே கேள்வி கேட்கலாம்.