மாடி ஒழுகினால் யாரை அழைப்பது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின்னரே மொட்டை மாடியின் விரிசல் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அவசரத்தில் அழைக்கப்படும் ஒப்பந்ததாரர் மாடி ஏறாமலேயே சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லி, கசிவுத் தடுப்புப் பூச்சைப் பரிந்துரைப்பார். பேரம் பேசும் நாம், நீர் எங்கே இறங்குகிறது என்று கேட்பதில்லை.

கூரையில் ஈரம் தெரியும் இடமும் மேலே நீர் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. தட்டோடுகளின் இணைப்பு, கைப்பிடிச் சுவரின் அடிப்பகுதி, மழைநீர்க் குழாயின் வாய் ஆகியவற்றை ஆராயாமல் பூசும் பூச்சு வீண். கசிவு நீடித்தால் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். காரை பெயர்ந்து, கீழே உறங்குவோர் மீது விழும்.

ஆகவே வேலையின் விவரம், பொருளின் பெயர், நீர் வடியும் சரிவு ஆகியவற்றை எழுத்தில் பெறுவது அவசியம். வேலை முடிந்ததும் குழாயை அடைத்து, 48 மணி நேரம் நீரைத் தேக்கிப் பார்க்கச் சம்மதிக்காதவருக்கு, உறவினரே ஆனாலும், முன்பணம் தர வேண்டியதில்லை. கூலியில் ஒரு பகுதியை அந்தச் சோதனைக்குப் பிறகே தருவதாகவும் எழுதிக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டரில் 5 செ.மீ. உயரத்துக்குத் தேங்கும் நீர் 50 கிலோ எடையுள்ளது என்பதால், தளர்ந்த பழைய கட்டடங்களில் மட்டும் பொறியாளரைக் கேட்ட பின்பே நீரைத் தேக்க வேண்டும்.