கேட்சர் உருவாகும் விதம்

பேஸ்பாலில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சரின் வேலை, பார்வைக்குக் கிரிக்கெட் விக்கெட் கீப்பரின் வேலை போலவே இருக்கும். ஆனால் அடுத்த பந்து எந்த வகை, எங்கே விழ வேண்டும் என்று பந்தை எறியும் பிட்சருக்குச் சைகை காட்டுவதும் அவரே. அமெரிக்க மேஜர் லீக் அணிகள் தங்கள் இளம் வீரர்களை மைனர் லீகில் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்ற நான்கு படிகளில் பழக்குகின்றன. இந்தப் படிகளைக் கடக்கக் கேட்சருக்குப் பொதுவாகக் கூடுதல் காலம் பிடிக்கிறது.

முதலில் கற்க வேண்டியது, பந்தைப் பிடிக்காமல் இருப்பது. தரையில் குத்தி வரும் பந்தைக் கையுறையால் எட்டிப் பிடிக்கத்தான் எவருக்கும் தோன்றும். பயிற்சியாளர் அந்தப் பழக்கத்தை உடைக்கிறார். முழங்கால்களைத் தரையில் போட்டு, கால்களுக்கு இடையிலான சந்தைக் கையுறையால் அடைத்து, முகவாயை நெஞ்சோடு ஒட்டி, தோள்களை முன்னால் வளைக்க வேண்டும். மார்புக் கவசத்தில் மோதும் பந்து துள்ளி ஓடாமல் காலடியிலேயே விழும்.

அடுத்தது ஃப்ரேமிங். பேட்டர் அடிக்கத்தக்கதாகக் கருதப்படும் ஸ்டிரைக் எல்லையின் விளிம்பில் வரும் பந்தை அம்பயர் ஸ்டிரைக் என்று சொல்லும்படி அலுங்காமல் வாங்கும் கலை இது. ஏமாற்று வேலை என்று சிலர் சொன்னாலும் விதி தடுக்கவில்லை. தாழ்ந்த பந்துக்குக் கையுறையைத் தரையருகே இறக்கி வைத்துக் கீழிருந்து மேலாக வாங்குவார்கள். இதற்கு வசதியாக ஒரு முழங்காலை ஊன்றி அமரும் முறை இப்போது பரவிவிட்டது.

பேஸ் திருடும் ஓட்டக்காரரைத் தடுக்க, சுமார் 38.8 மீட்டர் தொலைவிலுள்ள இரண்டாம் பேஸுக்குப் பந்தை எறிய வேண்டும். பந்து கேட்சரின் கையுறையைத் தொட்டதிலிருந்து அங்கே போய்ச் சேர ஆகும் நேரம் பாப் டைம். 2 விநாடிக்குள் முடித்தால் நல்ல கேட்சர்.

இத்தனைக்கும் நடுவே பேட்டிங் பயிற்சிக்கு மிஞ்சும் நேரமும் தெம்பும் குறைவு. பிட்சர்களில் பலர் டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலாவிலிருந்து வருவதால் கொஞ்சம் ஸ்பானிஷும் தேவைப்படுகிறது.

வேறு இடத்தில் ஆடியவர்களும் கேட்சராக மாற்றப்படுவதுண்டு. நியூயார்க் யாங்கீஸின் ஹோர்ஹே பொசாடா மைனர் லீகில் இரண்டாம் பேஸிலிருந்து இப்படி மாறியவர். 1995இல் மேஜர் லீகை எட்டினார். எதிர்த்திசைப் பயணமும் உண்டு. குராசாவ் தீவின் கென்லி ஜான்சனுக்குக் கை வலு அபாரம், பேட்டிங் சுமார். டாட்ஜர்ஸ் அணி நிர்வாகம் 2009இல் அவரைப் பிட்சராக்கியது. பிற்பாடு அவர் 400க்கு மேற்பட்ட சேவ்களை, அதாவது அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்து ஆட்டத்தை முடித்துத் தந்த கணக்கை, எடுத்தார்.