பழைய ஆட்டம், புதிய கோலம்

1964 பொங்கலுக்கு வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படத்தை 2012 மார்ச்சில் ஒளியும் ஒலியும் சீர்செய்து மீண்டும் திரையிட்டார்களே, நினைவிருக்கிறதா? அதை எடுத்த பந்துலு அவர்கள் கோலார்ச் சீமைக்காரர் என்பதில் பெங்களூர்த் தமிழர்க்குத் தனி மகிழ்ச்சி உண்டு, அது நிற்க. பழைய படத்தை மறுபடியும் காசு கொடுத்துப் பார்ப்பானேன் என்று அன்று எவரும் கேட்டதாக நினைவில்லை. ஆனால் என் இளைய மகன், இருபதாண்டுக்கு முன் ஆடிய கணிப்பொறி ஆட்டமொன்றின் புதுப்பதிப்பை வாங்கப் போவதாகச் சொன்னபோது வீடே நகைத்தது. நகைத்தவர்களுள் நானும் ஒருவன்.

ஆட்டத்தின் பெயர் ‘டயாப்லோ 2’. அமெரிக்காவின் பிளிசார்டு நிறுவனத்தார் 2000-இல் வெளியிட்டது. கூத்தில் வேடம் கட்டுவதுபோல, ஆடுகிறவர் மறவனாகவோ மந்திரக்காரியாகவோ ஒரு வேடம் ஏற்கிறார்; பேய்க்கணங்களோடு பொருது, கதையின் வழியே ஊர் ஊராகச் செல்கிறார். வென்ற வலிமையும் பெற்ற ஆயுதமும் அந்த வேடத்தின் கணக்கிலேயே சேரும்; அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குருதிக் காட்சிகள் மிகுதி. 17 வயது நிரம்பியோர்க்கே உரியதென்று அமெரிக்கத் தரக் குறிப்பு சொல்கிறது. சிறுவர்க்கு வாங்கித் தர எண்ணும் பெற்றோர் இதனை மனத்திற் கொள்க.

2001 கோடையில் அல்சூரிலிருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் இரு கணிப்பொறிகளை ஒரு நீலக் கம்பியால் பிணைத்து, அண்ணனும் தம்பியும் நள்ளிரவு வரை ஆடினார்கள். பிறகு மூத்தவன் கனடா சென்றான். அவனுடைய மறவனின் கோப்பை மட்டும் தம்பி அழியாமல் காத்து வைத்திருந்தான்.

2021 செப்டம்பர் 23-இல் வெளிவந்த புதுப்பதிப்புக்கு ‘டயாப்லோ 2: ரிசரெக்டட்’ என்று பெயர். அதில் எனக்கு வியப்பளித்தது ஒன்று. உள்ளே இயங்குவது பழைய ஆட்டமே. அதன்மேல் புதிய சித்திரத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். விசைப்பலகையில் ஒரே ஓர் எழுத்தை அழுத்தினால் போர்வை விலகிப் பழைய மங்கல் படம் தோன்றுகிறது; மறுபடி அழுத்தினால் புதியது. குடமுழுக்குக்குக் கோபுரத்தில் வர்ணம் பூசுகிறவர் பொம்மையின் மூக்கைத் திருத்தாமல் விட்டாற்போன்ற அடக்கம் இது. முதலில் 640-க்கு 480 புள்ளிகளில் இருந்த காட்சி இன்றைய பெரிய திரையையும் நிறைக்கிறது. சிதறிக் கிடக்கும் பொற்காசுகளைக் குனிந்து குனிந்து பொறுக்க வேண்டா. மேலே நடந்தாலே சேர்ந்துவிடும். ஒரு வேடத்தின் வாளை மற்றொரு வேடத்துக்கு மாற்றப் பொதுப்பெட்டியும் உண்டு.

பழைய கோப்பையும் அது ஏற்கிறது. தம்பி அதனைப் படியெடுத்து வைத்ததும், இருபதாண்டு உறங்கிய அண்ணனின் மறவன் அதே கோடரியோடு எழுந்து நின்றான். அதைப் படம் பிடித்துக் கனடாவுக்கு அனுப்பினார்கள். அன்றிரவு நெடுநேரம் தொலைபேசி ஓயவில்லை. இருவரும் பல மாதம் சரிவரப் பேசாதிருந்தவர்கள் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

குறையும் உண்டு, சிறு குறையன்று. அந்த மறவன் தனியாட்டத்துக்கே உரியவன். கடல் கடந்த இருவர் கூடி ஆட வேண்டுமானால், நிறுவனத்தின் இணைய வழங்கியில் புதிய வேடங்களை முதற்படியிலிருந்து வளர்க்க வேண்டும். வெளியான முதல் வாரங்களில் அந்த வழங்கிகள் அடிக்கடி படுத்துவிட்டன. காசு கொடுத்தவர்கள் வாசலில் வரிசையாய் நின்றார்கள். நீலக் கம்பிக்கோ வேலையே இல்லை: பாதுகாப்பைக் காரணம் காட்டி, வீட்டுக்குள்ளேயே பொறிகளைப் பிணைத்து ஆடும் வசதியை நீக்கிவிட்டார்கள். இதே நிறுவனம் 2020 ஜனவரியில் ‘வார்கிராப்ட் 3’-ஐப் புதுப்பித்தபோது, பழையதை வைத்திருந்தவர்களுக்கும் இணையத்தில் புதியதையே திணித்து, பின்னர்ப் பணத்தைத் திருப்பித் தந்ததும் உண்டு. ஆகவே வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு என் விடை: உடன் ஆடியவர் தொலைவில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள், பழைய குறுந்தகட்டை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

சென்ற ஆண்டு மூத்தவன் விடுமுறையில் வந்திருந்தான். அதே கூடத்தில், நான்கு முழ இடைவெளியில் இருவரும் அமர்ந்தார்கள். இரவு மழையில் இணையம் அறுந்தது. ஒருவன் மடியிலிருந்து மற்றவன் மடிக்கு ஒரு சொல்லும் போகவில்லை. சிறிது நேரம் விழித்திருந்துவிட்டு, பரணில் ஏறிப் பழைய பொறிகளை இறக்கினார்கள். ஒன்றுதான் உயிர்பெற்றது. விடியும் வரை முறை வைத்து ஆடினார்கள்.