மடை திறந்த பரீட்சைக் காலை

மணி எட்டே கால். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் பிளஸ் டூ பரீட்சைக்குப் போகிற பிள்ளை ஒருத்தி. உள்ளங்கை வேர்த்து ஹால் டிக்கெட் நனைகிறது. “வயித்தைக் கலக்குதும்மா...” வாருங்கள், சத்தம் போடாமல் அவளுக்குள்ளே எட்டிப் பார்ப்போம். அங்கே நடக்கிற கூத்து இருக்கிறதே!

மூளைக்குள் பாதாம் பருப்பு மாதிரி இருக்கிறது அமிக்டலா. ஆபத்து என்றால் முதலில் துள்ளி எழுவது அதுதான். மேகமலை யானையும் கணக்குப் பரீட்சையும் அதற்கு ஒன்றே! அது கூவிய நொடியில், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. நெஞ்சு தடதடக்கிறது. குடலுக்குப் போகிற ரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது. வயிறு கலங்காமல் என்ன செய்யும்?

அதே சுரப்பிகளின் இன்னொரு ஹார்மோனான கார்டிசால் நிதானமான ஆள். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்லி, அது அட்ரினலுக்குச் சொல்லி, ரத்தத்தில் உச்சத்துக்கு வர 20, 30 நிமிடம் ஆகும். நம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரேதான்! மேலே மதகைத் திறந்தவுடனே வயலுக்கு வந்துவிடுமா? அடைத்த பிறகும் வாய்க்காலில் இருப்பது ஓடித்தானே தீரும்? கேள்வித்தாள் சுலபம் என்று தெரிந்த பின்னும் படபடப்பு சட்டென்று அடங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிமேல்தான் எனக்கு மெய்சிலிர்த்த இடம். படபடப்பை அடக்க மூளையில் காபா என்றொரு ரசாயனம் உண்டு. நெருக்கடியில் அதற்குத் துணையாக டி.எச்.பி. என்ற ஸ்டீராய்டையும் உடல் தானே சுரந்துகொள்ளும். நியூயார்க்கில் ஆய்வாளர் ஷெரில் ஸ்மித் குழுவினர் பருவமடையும் பெண் சுண்டெலிகளிடம் இதைச் சோதித்தார்கள். 2007இல் ‘நேச்சர் நியூரோசயின்ஸ்’ இதழில் வந்த முடிவு தலைகீழ்! அமைதிப்படுத்த வேண்டிய டி.எச்.பி., பதற்றத்தைக் கூட்டியிருந்தது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! எலியிடம் கண்டதை அப்படியே பிள்ளைகள்மேல் ஏற்ற முடியாதுதான். ஆனாலும், பருவ வயதில் ஏன் இத்தனை படபடப்பு என்ற கேள்விக்கு எப்படியொரு கதவு திறந்திருக்கிறது!

படபடப்பு பதற்றநோயாகவே ஆகிவிட்ட பிள்ளைகளிலும் எல்லாருக்கும் கார்டிசால் ஏறியே இருப்பதில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடித்துவிடக் கூடியதல்ல இது. பிள்ளை வாய்விட்டுச் சொல்வதுதான் முதல் தடயம். அப்போது “நடிக்காதே” என்று அடக்கிவிடாதீர்கள், உள்ளே மடை திறந்திருக்கிறது. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மனநல உதவி எண்ணான 14416க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.